இரவில் விழிக்கும் குழந்தை: பர்மாத் தமிழ்க் குடும்பங்களுக்கான முழுமையான தூக்க வழிகாட்டி

ஒரு குழந்தை நடுச்சாமத்தில் வீறிட்டு அழுதால், வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்களோ அத்தனை காரணங்கள் கிடைக்கும். அப்பத்தா கண்ணேறு என்பார். அத்தை தாய்ப்பால் போதவில்லை என்பார். மாமா பல் முளைக்கிறது என்பார். தெருமுனை மருந்துக் கடைக்காரர் எதையும் விசாரிக்காமலேயே ஒரு சிரப்பை எடுத்து நீட்டுவார். இவற்றுள் ஒன்று சில வேளைகளில் சரியாகவும் இருந்துவிடும். ஆயினும், ஆறு மாதத்தைக் கடந்து நன்றாக எடை கூடிவரும் ஒரு குழந்தை இரவில் மூன்று நான்கு முறை எழுந்து அழுகிறது என்றால், அது அன்று மாலை எப்படி உறங்கிப்போனது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். யாங்கோனிலும் பெகுவிலும் தட்டோனிலும் மோல்மேனிலும் நம் வீடுகள் பலவற்றில் அதற்கான விடை உத்தரத்தில் கட்டிய தூளியிலேயே இருக்கிறது.

பிறந்தது முதல் ஏறத்தாழ ஆறு வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்தப் படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. உடல்நலக் குறையை விலக்கிக்கொள்ளாமல் பழக்கத்தைத் திருத்தப் புகுவது குழந்தைக்கு இழைக்கும் அநீதி. பழக்கத்தைப் பார்க்காமல் மருந்து தேடுவதோ பல வேளைகளில் ஆபத்து.

குழந்தையின் உறக்கம் இயங்கும் விதம்

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் 1953-ல், உறங்குபவரின் கண்கள் இமைகளுக்குள்ளேயே விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டு என்று எழுதினார்கள். பெரியவர்களுக்கு இரவுத் தூக்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இந்தக் கட்டம். பச்சைக் குழந்தைக்கோ ஏறத்தாழ பாதித் தூக்கம் இப்படித்தான் கழிகிறது. அப்போது குழந்தை முகம் சுளிக்கும், சிரிக்கும், கை காலை உதறும், முனகும். "சாமி சிரிப்புக் காட்டுகிறது" என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். முனகியவுடன் வாரி எடுத்தால், உண்மையில் உறங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை நாமே எழுப்பியவர்களாவோம். ஓரிரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு கவனியுங்கள். அழுகை வலுத்தால் எடுங்கள்.

பெரியவர்களின் தூக்கச் சுழற்சி சுமார் 90 நிமிடம். கைக்குழந்தைக்கு 50 முதல் 60 நிமிடமே. ஒவ்வொரு சுழற்சியின் முடிவிலும் எல்லா மனிதர்களும் அரைகுறையாக விழிக்கிறோம், சுற்றுமுற்றும் எல்லாம் முன்போலவே இருக்கிறது என்று உணர்ந்து மீண்டும் உறங்கிவிடுகிறோம். ஆடும் தூளியில் கண்மூடிய குழந்தை ஆடாத தூளியில் கண் திறந்தால், தலையணை காணாமற்போன பெரியவரைப் போலத்தான் அதற்கு இருக்கும். அது விழித்தது இயல்பு. ஆட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று அழைப்பதே நாம் மாற்றக்கூடியது. இரவையும் பகலையும் பிரித்தறியும் உள்கடிகாரம் பிறந்து இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகே ஒழுங்குபடத் தொடங்குகிறது என்பதால், அதற்கு முன்பு எந்தப் பயிற்சியும் பயன் தராது.

உலகச் சுகாதார அமைப்பு 2019-ல் வெளியிட்ட அளவுகளின்படி, பகலுறக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில், முதல் 3 மாதங்களுக்கு 14 முதல் 17 மணி நேரமும், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும், 1, 2 வயதில் 11 முதல் 14 மணி நேரமும், 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. இது மொத்தக் கணக்கு. பகலில் நான்கு மணி நேரம் தூங்கும் இரண்டு வயதுப் பிள்ளை இரவு பத்து மணிக்கும் விளையாடிக்கொண்டிருந்தால், அதைக் கோளாறு என்று சொல்வதற்கில்லை.

முதற்படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றாமல் ஏழு நாட்கள், முடிந்தால் பதினான்கு நாட்கள், ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். படுத்த நேரம், கண் அயர்ந்த நேரம், எப்படி அயர்ந்தது (தூளியிலா, மார்பிலா, தோளிலா, செல்போன் பார்த்துக்கொண்டேயா), விழித்த நேரங்கள், ஒவ்வொரு முறையும் யார் என்ன செய்தார், பகலில் தூங்கிய நேரம், மின்சாரம் போன நேரம் ஆகியவை போதும். இந்தக் கடைசிக் குறிப்பு வேடிக்கைக்காகச் சொல்லப்படவில்லை. எங்கள் வீட்டில், "தினமும் ஒரு மணிக்குப் பயந்து எழுகிறான்" என்று மாதக்கணக்கில் கவலைப்பட்ட பிறகு நோட்டைப் பார்த்தபோதுதான், மின்விசிறி நின்ற இரவுகளில் மட்டுமே அவன் எழுந்திருந்தான் என்பது தெரிந்தது.

இரண்டாம் படி: உடல்நலக் காரணங்களை விலக்குதல்

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால், அழுகையைப் பற்றி ஆராயாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பால் குடிக்க மறுத்தல், மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுதல், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடத்தல் ஆகியவையும் அப்படியே. அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்குள் 60, பன்னிரண்டு மாதத்துக்குள் 50, அதன்பின் ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினாலோ மிஞ்சினாலோ அது வேகமான மூச்சு.

இந்த நாட்டில் வாழும் நாம் தனியாக அறிந்திருக்க வேண்டிய நோய் ஒன்று உண்டு. பர்மாவில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்குக் காரணமாகப் பதிவானவற்றுள், பி1 வைட்டமினாகிய தயமின் குறைவால் வரும் பெரிபெரியும் அடங்கும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு, தாயிடம் தயமின் குறைந்தால் தனக்கும் குறையும். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி, பலமுறை கழுவி, கஞ்சி வடித்த சோறு, அதன்மேல் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பயறும் மீனும் காய்கறியும் விலக்கப்பட்ட தட்டு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்தக் குறைவு எளிதில் வந்துவிடும்; வெற்றிலைப் பாக்கும் தேயிலையும் தயமினைக் கெடுப்பவை என்பதால் லப்பே என்னும் ஊறவைத்த தேயிலையை விரும்பி உண்பவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். முதல் சில மாதங்களில் காரணம் புரியாத இடைவிடாத அழுகை, பால் மறுத்தல், வாந்தி, மூச்சிரைப்பு, குரல் கம்மி ஒலியில்லாமல் வாய் மட்டும் அழுவது ஆகியவை தோன்றினால் அதே இரவில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் குழந்தை வியக்கத்தக்க விரைவில் தேறும். தாமதித்தால் இதயம் செயலிழந்து சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும்.

நம் முன்னோரின் புழுங்கல் அரிசிக்கு இங்கே ஒரு பெருமை சேர்கிறது. 1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், உள்ளிருப்போரில் ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு சாராருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தபோது, பெரிபெரி பச்சரிசி உண்டவர்களையே பெரும்பாலும் தாக்கியது. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். ஆகவே பத்தியம் வைக்க விரும்பும் பெரியவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை. புழுங்கல் சோறு, பாசிப்பயறு, நிலக்கடலை, முட்டை, மீன் ஆகியவற்றை அந்தத் தட்டில் சேர்த்துவிட்டால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாலையில் தொடங்கி மணிக்கணக்கில் அழும் பச்சைக் குழந்தையின் வயிற்றுவலி ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதத்துக்குள் தானே அடங்கும். படுக்கவைத்தவுடன் அழுகை கூடினால் காதுவலியை நினையுங்கள். ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழுந்தால் நூல்புழு. வீட்டில் பலருக்கும் இரவில் அரிப்பு கூடினால் சிரங்கு. இரண்டுக்கும் குடும்பம் முழுவதும் ஒரே வேளையில் மருந்து எடுத்தால்தான் தீரும். வாரத்தில் பல இரவுகள் குறட்டை, வாயால் மூச்சு விடுதல், இடையில் மூச்சு நின்று திணறுதல் ஆகியவை டான்சிலோ மூக்கின் பின்னுள்ள அடினாய்டோ பெருத்திருப்பதைக் காட்டலாம்; "அப்பாவைப் போலவே குறட்டை விடுகிறான்" என்று மகிழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை. படுத்தபின் கால்களை உதைத்துக்கொண்டே இருக்கும், வெளிறிய பிள்ளைக்கு இரும்புச் சத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பல் முளைப்பதன் மீது நாம் சுமத்தும் பழி மிகுதி. அது சில நாள் எரிச்சலைத் தரலாம், ஆனால் மூன்று மாதத் தூக்கமின்மைக்கு அது பொறுப்பல்ல.

மூன்றாம் படி: படுக்கும் இடம்

ஒரு வயது நிறையும் வரை குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்கவையுங்கள். குப்புறப் படுத்தால் அயர்ந்து தூங்குகிறது என்பது உண்மைதான். அந்த அயர்ச்சியிலேயே மூச்சு நின்றுவிடும் ஆபத்தும் இருக்கிறது. அழுந்தாத, சமதளமான விரிப்பு போதும். இலவம்பஞ்சு மெத்தை, தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, குழந்தை உருளாமலிருக்கப் பக்கத்தில் அடுக்கும் துணிமூட்டைகள் எதுவும் வேண்டாம். முதல் ஆறு மாதங்களாவது பெற்றோர் உறங்கும் அறையிலேயே, ஆனால் தனி விரிப்பில் படுக்கவைப்பதே பாதுகாப்பு. ஒரே பாயில் எல்லோரும் படுக்க நேர்கின்ற வீட்டில், குடித்திருப்பவரும் புகைபிடிப்பவரும் அயர்த்தும் மருந்து உண்டவரும் குழந்தையின் அருகில் படுக்கக் கூடாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தனி விரிப்பு கட்டாயம்.

மார்ச் முதல் மே வரையிலான வெக்கையில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் துணியைக் குறையுங்கள். டிசம்பர் குளிருக்கு என்று குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டுப் போர்த்தி உறங்கவைப்பது சூட்டை அடைத்துவைப்பதாகும். கொசுவலை இரவுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பதால், மழைக்காலத்தில் பகலுறக்கத்துக்கும் வலை தேவை. வலையின் ஓரங்களைப் பாயின் அடியில் இழுத்துச் செருகிவிடுங்கள். கொசுவர்த்திப் புகையையும், குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிப் புகையையும் குழந்தையின் மூச்சுக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணேறு கழிக்க மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதால் தீங்கில்லை. நெருப்பில் போடுவதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு நேரத்தில் வலைக்கு அருகில் மெழுகுவத்தி ஏற்றவே கூடாது. சார்ஜ் செய்துகொள்ளும் சிறு விசிறியும் கைவிளக்குமே, வாங்கக் கூடியவர்கள் முதலில் வாங்க வேண்டிய குழந்தைப் பொருட்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பட்டானம் என்னும் பௌத்த நூலை இரவும் பகலும் ஓதும் நாட்களிலும், நம் கோயில் திருவிழாக்களிலும், பர்மியப் புத்தாண்டு நீர்விழாவாகிய திஞ்ஜானிலும் அமைதி கிடைக்காது. தொலைவில் சீராக ஒலிப்பதைக் குழந்தை பழகிக்கொள்ளும். திடீரென எழும்பும் ஒலிதான் எழுப்புகிறது. விசிறியின் இரைச்சல் அதை ஓரளவு மறைக்கும்.

நான்காம் படி: பகலும் மாலையும்

காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி, வெயில் ஏறுமுன் வாசலில் சற்று வெளிச்சம் படவையுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் பகலுறக்கம் மாலை நான்கு மணிக்குள் முடியட்டும். யாங்கோனில் டிசம்பரில் ஐந்தரை மணியளவிலும், சூன் சூலையில் ஆறு நாற்பதை ஒட்டியும் சூரியன் மறைகிறது. இருட்டியபின் வெள்ளை டியூப்லைட்டின் கீழ் தொலைக்காட்சித் தொடர் ஓடும் கூடத்தில் குழந்தையை வைத்திருந்தால், அதன் உடல் இன்னும் பகல் என்றே எண்ணும். உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மங்கலான மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள், செல்போனை விலக்குங்கள். பின்பு ஒவ்வொரு நாளும் அதே வரிசை: இளஞ்சூட்டு நீரில் உடல் துடைத்தல், வேர்க்குருவுக்குத் தனாக்கா (மரப்பட்டையை அரைத்த குழம்பு) பூசும் வீடாயின் அது, பால், பல் வந்தபின் வாய் துடைத்தல், ஒரு தாலாட்டு அல்லது கதை, பாய். பாலை வரிசையின் கடைசியில் வைக்காதீர்கள். மார்பிலேயே உறங்கும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது. தாலாட்டுத் தமிழில் இருக்கட்டும் என்பது என் சொந்த ஆசை. பள்ளியும் கடைவீதியும் பர்மிய மொழியில் நடக்கும் பிள்ளைக்கு, நாளின் கடைசிப் பத்து நிமிடம் அந்த மொழிக்கு உரியதாகலாம்.

ஐந்தாம் படி: தூளியிலிருந்து பாய்க்கு

தூளியை நான் பழிக்கவில்லை. என்னையும் என் பிள்ளைகளையும் வளர்த்தது அதுதான். ஆனால் வளைந்த துணியில் பச்சைக் குழந்தையின் மோவாய் மார்பில் அழுந்தி மூச்சுக்குழல் நெருக்கப்படலாம். எழுந்து உட்கார முயலும் வயதில் கவிழ்ந்து விழவோ கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளவோ வழியுண்டு. ஆகவே ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை, ஒருவர் அருகிலிருக்க, தூளியில் ஆட்டி அயரவைத்து, கண்ணயர்ந்ததும் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரவு முழுவதும் தூளியில் விட வேண்டாம்.

ஆறு மாதத்தைக் கடந்து, மருத்துவர் எடை நன்று என்று சொன்ன குழந்தைக்குப் பின்வரும் முறை பொருந்தும். முதல் நான்கு நாட்கள், வழக்கம்போல் ஆட்டுங்கள். கண் சொருகத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, தூங்கும் கடைசி இரண்டு நிமிடம் ஆட்டமில்லாமல் கழியட்டும். அடுத்த நான்கு நாட்கள், இரவில் தூளியையே அவிழ்த்துவிட்டுப் பாயில் கிடத்தி, நெஞ்சிலோ தொடையிலோ மெதுவாகத் தட்டிக்கொடுங்கள். பகலுறக்கத்துக்கு மட்டும், ஒருவர் அருகில் அமர்ந்திருக்க, இன்னும் ஒரு வாரம் தூளி இருக்கலாம். அதன்பின் தட்டுவதை நிறுத்திக் கையை மட்டும் வையுங்கள். பிறகு கையையும் எடுத்துவிட்டு அருகில் அமருங்கள். பிறகு இரண்டு முழம் தள்ளி, பிறகு வாசற்படியில். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நான்கு இரவுகள் கொடுங்கள். மாலையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்களோ, இரவு இரண்டு மணிக்கும் அதே கட்டத்தில்தான் இருக்க வேண்டும். மாலையில் பாயிலும் நள்ளிரவில் தூளியிலும் என்று மாற்றினால், நீண்ட நேரம் அழுதால் தூளி வரும் என்பதே குழந்தை கற்றுக்கொள்ளும் பாடமாக முடியும்.

குழந்தையைத் தனியே விட்டு, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று இடைவெளியை நீட்டிச் சென்று பார்க்கும் முறையும் உண்டு. அது பயன் தருவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் உறங்கும் நம் வீடுகளில், மூன்றாம் நாள் இரவில் யாராவது ஒருவர் மனம் பொறுக்காமல் எழுந்துபோய்த் தூக்கிவிடுவார். ஆகையால் அருகிலிருந்து மெல்ல விலகும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். தொடங்குவதற்கு முன்பு அப்பத்தா, சித்தி, வேலைக்குப் போய்த் திரும்பும் தந்தை எல்லோரையும் அமர்த்திப் பேசி, இன்ன இரவு இன்னார் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தாய் ஒருத்தியே எல்லா இரவும் விழித்தால் இந்த முறை மட்டுமல்ல, அவளுடைய உடலும் மனமும் உடைந்துபோகும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் ஒரு பெண் எதிலும் பற்றில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், அவளையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அழுகை தாங்க முடியாத கணத்தில் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு வெளியே போய் நின்று மூச்சு விடலாம். எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது, மூளையில் இரத்தம் கசிந்துவிடும்.

எட்டு, ஒன்பது மாத அளவில், நன்றாக உறங்கிய குழந்தையும் தாய் கண்ணுக்கு மறைந்தவுடன் அழத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத தாயும் எங்கோ இருக்கிறாள் என்று புரிந்துகொள்ளும் அறிவு வளர்ந்ததன் விளைவு அது. பகலில் கதவுக்குப் பின்னால் ஒளிந்து வெளிப்படும் விளையாட்டு இதற்கு நல்ல மருந்து.

ஆறாம் படி: அலறலும் கெட்ட கனவும்

உறங்கிய ஓரிரு மணி நேரத்துக்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, கண்ணை அகல விரித்து, வியர்த்து அலறி, தாயையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிட்டு, சில நிமிடத்தில் மீண்டும் படுத்து, காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால், அது ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிக்கும் இரவு அலறல். பார்ப்பவர்களுக்குத்தான் அச்சம், பிள்ளை எதையும் காணவில்லை. எழுப்பாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். கீழே விழாமல் காத்து நில்லுங்கள். தூக்கக் குறைவும் காய்ச்சலும் இதைத் தூண்டும் என்பதால் அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கவைப்பதே பல பிள்ளைகளுக்குப் போதும். தினமும் ஒரே நேரத்தில் வருமாயின், அதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு மெல்லத் தட்டி அரைகுறையாக எழுப்பி மீண்டும் உறங்கவைப்பதைச் சில வாரம் செய்து பாருங்கள். கெட்ட கனவு இதற்கு எதிரானது: விடியலை நெருங்கி வரும், பிள்ளை முழுதாக விழிக்கும், கண்டதைச் சொல்லும், கட்டிக்கொள்ளும். அதற்கு அணைப்பும் விபூதியும் இரண்டு வார்த்தை ஆறுதலும் தகும். "தூங்காவிட்டால் பூச்சாண்டி பிடிப்பான்" என்று சொல்லித் தூங்கவைத்த வீட்டில் இந்தக் கனவு வந்தால் வியப்பதற்கில்லை. ஒரே விதமான வெட்டி இழுப்பு திரும்பத் திரும்ப வந்தால், செல்போனில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பா இல்லையா என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

ஏழாம் படி: கொடுக்கக் கூடாதவை

சளிக்கும் அரிப்புக்கும் விற்கப்படும், தூக்கம் வரவழைக்கும் சிரப்புகளுள் புரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு மூச்சை நிறுத்தக்கூடியது என்று அமெரிக்காவில் 2004 முதல் மருந்தின் குறிப்புத் தாளிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. கசகசாவை அரைத்துக் கொடுக்கும் வழக்கம் அபின் செடியின் விதையைக் கொடுப்பதாகும். உரைமருந்துக் கல்லில் ஜாதிக்காயும், "பிள்ளை வளர்ப்பான்" என்று பெயர் பெற்ற வசம்பும் அளவில்லாமல் இழைக்கப்பட்டால், வரும் மயக்கத்தை நாம் உறக்கம் என்று நம்பிவிடுவோம். பர்மியக் குடும்பங்கள் செரிமானத்துக்காகக் குழந்தைகளுக்குக் கொடுத்த ஒரு நாட்டுப்பொடியில், 2009-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சோதித்தபோது ஈயமும் ஆர்சனிக்கும் மிகுந்திருந்தன. ஆகையால் சந்தையில் வாங்கும் பொடிகளுக்கும் இதே விலக்கு. ஒரு வயதுக்குள் தேன் தொட்டு வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் தண்ணீரும் கஞ்சியும் புட்டியில் வேண்டாம்.

காய்ச்சலோ, ஊர்ப்பயணமோ, திருவிழாவோ வந்தால் கற்றுக்கொண்டது கலைந்துபோகும். அந்த நாட்களில் குழந்தை கேட்கும் மடியைக் கொடுங்கள். உடல் தேறிய மூன்றாம் நாள், கையை மட்டும் வைக்கும் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். இம்முறை பெரும்பாலும் குறைந்த இரவுகளே ஆகும். ஒரு மாதம் ஒழுங்காகப் பின்பற்றியும் மாற்றமில்லையெனில், முதற்படியில் எழுதிய அந்த நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.